குமாரசாமி வீட்டுப் பெட்டி

அன்று காலை மொட்டை மாடியில் இருந்தவர்கள் குமாரசாமி, அவர் மனைவி ஏலவார்குழலி, தென்னேரியிலிருந்து காலிப் பெட்டியோடு வந்திருந்த வேல்முருகன். எதிர் மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்த அங்கம்மாளையும் இருந்தவளாகவே கொள்ள வேண்டும். அவள் கண்ணுக்குத் தெருவின் அகலம் ஒரு பொருட்டில்லை.

முருங்கைக் கிளையின் நிழலில் தேனீப் பெட்டி இருந்தது.

அடுக்குத் தேனீ. தறிவீட்டுச் சுவர்ப் பொந்தில் தலைமுறையாக இருந்த குடும்பம். சுவரை இடித்தபோது குமாரசாமி தன் கையாலேயே அடை அடையாக எடுத்துப் பெட்டியில் குடிவைத்தார். அதிலிருந்து பிரித்துக் கொடுத்தவைதான் செவிலிமேட்டிலும் தென்னேரியிலும் பெருகின.

போன மழைக்காலத்தில் புழுநோய் வந்து அத்தனையும் அழிந்தன. மிஞ்சியது இது ஒன்றுதான். இதிலிருந்து ஓர் அடை வாங்கி மறுபடி தொடங்கவே வேல்முருகன் வந்திருந்தான்.

முந்தைய நாள் மாலை தெருவில் கொசுப்புகை அடித்தார்கள். குமாரசாமி முன்கூட்டியே பெட்டியின் வாசலில் ஈரத்துணியைத் திணித்து அடைத்துவிட்டார். அதில் பிழையில்லை. தேனீ வளர்க்கும் எவரும் அப்படித்தான் செய்வார்கள். புகை அடங்கியதும் துணியை எடுத்துவிட வேண்டும்; விடிந்தும் அது அங்கேயே இருந்தது.

வேல்முருகன் பெட்டியில் காதை வைத்தான். உள்ளே இராட்டை வேகம் பிடிப்பதுபோல ஓசை ஏறிக்கொண்டிருந்தது.

“பெரியவரே, இது கூட்ட வுட்டுக் கெளம்பற சத்தம். தொறந்து வுடுங்க. போனாலும் அந்த வேப்பமரத்துலதான் குந்தும். நான் புடிச்சிக் குடுத்துடறேன்.”

குமாரசாமி குனிந்தார். துணியின் நுனி விரலில் பட்டது.

“இன்னாண்ணா,” எதிர் மாடியிலிருந்து குரல் வந்தது. “உங்க வூட்டு ஈயும் கெளம்பிடுச்சா?”

மகள் தேவிப்ரியா ஒருவனோடு போய் இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. குமாரசாமி வீட்டுப் பெண் ஓடிவிட்டாள் என்று தெரு பேசி ஓய்ந்தது இப்போதுதான்.

குமாரசாமி துணியைக் கட்டைவிரலால் இன்னும் உள்ளே அழுத்தினார்.

“போறது போகட்டுங்க. உசுரோட இருந்தா போதும்,” என்றாள் ஏலவார்குழலி. அவள் பெட்டியைப் பார்க்கவில்லை. தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்த வூட்டுலேர்ந்து இனிமே எதுவும் போகாது.”

குமாரசாமி நாற்காலியைப் பெட்டியருகே இழுத்துப்போட்டு, முதுகு சாயாமல் உட்கார்ந்தார்.

சித்திரை வெயில். முருங்கை நிழல் மெல்ல விலகியது. பெட்டியையாவது நகர்த்தலாமா என்று வேல்முருகன் கேட்டான். குமாரசாமி நாற்காலியை விட்டு எழவில்லை.

ஓசை ஏறியது. பலகை அதிர்ந்தது. பெட்டியின் அடியிலிருந்து, உருகிய மெழுகின் மணத்தோடு, தேன் சொட்டத் தொடங்கியது. கைப்பிடிச் சுவரோரம் எறும்புகள் வரிசை கட்டின.

பிறகு கீழ்வீட்டுத் தறியின் ஓசை மட்டும் கேட்டது.

வேல்முருகன் காலிப் பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு புறப்பட்டான். சொல்லிக்கொள்ளவில்லை.

குமாரசாமி வீட்டுத் தேனீ உச்சிவெயிலில் ஓடிப்போய்விட்டதாகவும், பாலாற்றுப் பக்கம் கருமேகமாகப் பறந்ததைத் தன் கண்ணால் கண்டதாகவும் அங்கம்மாள் சொல்லிவருகிறாள். தெருவும் நம்புகிறது.

அது பொய். அந்தப் பெட்டியிலிருந்து ஒரு தேனீகூட வெளியே போகவில்லை.