கேக் டப்பாவில் இருந்த சாட்சி

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை மேக்கன் நகரத்தில் எந்த அழகு நிலையத்திலும் உட்கார இடம் கிடைக்காது. மறுநாள் சர்ச்சுக்குப் போகிற பெண்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருப்பார்கள். ஓர் ஆள் வந்து, பெண்டாட்டிக்காகக் காத்திருக்கிறேன் என்று மூலையில் உட்கார்ந்தால், எந்தப் பெண்டாட்டி என்று கேட்க யாருக்கும் நேரமிருக்காது. கிளிஃப்டன் அதற்காகவே அந்த நாளைத் தேர்ந்தெடுத்தான்.

மிஸ் ஓசெல்லாவின் அழகு நிலையத்தில் காலங்காலமாக க்ரீம் போட்டு முடியை நேராக்கிக்கொண்டவர்களில் ஒன்பது பேர், அந்த க்ரீமால்தான் கர்ப்பப்பையில் புற்றுநோய் வந்தது என்று அதைத் தயாரிக்கிற பெரிய கம்பெனி மேல் வழக்குப் போட்டிருந்தார்கள். அவர்களுக்கு இருந்த ஒரே ஆதாரம், ஓசெல்லா ஒவ்வொரு தலைக்கும் தனித்தனியாக எழுதிவைத்த அட்டை. என்ன தேதி, என்ன க்ரீம், எத்தனை நிமிஷம், எங்கே எரிந்தது, எல்லாம் அதில் இருக்கும். திங்கட்கிழமை அவற்றைக் கோர்ட்டில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு.

கிளிஃப்டன் கம்பெனி வக்கீல் மெரிடித்திடம் துப்பு வேலை பார்க்கும் தற்காலிக ஆள். அட்டைகள் காணாமல் போனால் வேலை நிரந்தரம். கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தால் அவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதே ஊரில் தன் அத்தை நடத்திய இன்னோர் அழகு நிலையத்தில் வளர்ந்தவன் என்பதால் அட்டையின் அருமை அவனுக்குத் தெரியும். வாய்க்கு வந்ததை அளந்தாலும் எந்தக் கடைக்காரியும் அட்டையில் பொய் எழுத மாட்டாள். எழுதினால் அடுத்த முறை க்ரீம் மாறிப்போய் முடி கொத்தாகக் கையோடு வந்துவிடும்.

வழக்குப் போட்ட ஒன்பது பேரில் ஒருத்தி, சிகிச்சையில் முடியெல்லாம் கொட்டிப்போன ஏர்லீன், தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பழக்க தோஷத்தில் தன் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். அட்டை பத்திரமா என்று மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

"அந்தக் கேக் டப்பாலதான் கண்ணு இருக்கு," என்றாள் ஓசெல்லா, தெருமுனை வரை கேட்கிற குரலில். "பூட்டுகூடப் போடல. நம்ம கடையில எவன் திருடப் போறான்?"

பிறகு மூலையில் உட்கார்ந்திருந்த கிளிஃப்டனிடம் வந்து, ஒரு தட்டில் பொரித்த மீனைக் கொடுத்து, டப்பாவை அவன் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். "தம்பி, இதக் கொஞ்சம் பாத்துக்கிறியா? உள்ள ஒரு தலை அலசணும்."

கிளிஃப்டனுக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் மீனைத் தின்று முடித்துவிட்டு, டப்பாவைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு நடையைக் கட்டினான்.

பட்டப்பகலில் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில், கறி சுடுகிற அடுப்பில் அட்டைகளைப் போட்டான். படித்துப் பார்க்க மனசு வரவில்லை. அதில் எத்தனை பேர் அத்தைக்குத் தோழிகளோ! செய்த வேலைக்கு அடையாளம் காட்ட ஒரே ஓர் அட்டையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை அதை மெரிடித்தின் மேஜையில் வைத்தான். பாராட்டுக்குக் காத்து நின்றான்.

மெரிடித் அட்டையைப் படித்தாள். மறுபடி படித்தாள்.

"மத்ததெல்லாம் எங்க?"

"சாம்பல், மேடம். ஒண்ணுகூட மிச்சமில்ல."

"இதெல்லாம் கோர்ட்டுக்குப் போயிருந்தா இன்னிக்கே வழக்கு முடிஞ்சிருக்கும், நாமதான் ஜெயிச்சிருப்போம். இப்ப இந்த ஒண்ணக் காட்டணும்னாகூட, திருடினதையும் சேத்து ஒத்துக்கணும்." அட்டையை அவன் பக்கம் தள்ளினாள்.

கிளிஃப்டன் முதல் தடவையாக அதைப் படித்தான். மேலே ஏர்லீனின் பெயர். அதன் கீழே பதினெட்டு வருஷத் தேதிகள். அடியில் ஓசெல்லாவின் குண்டு குண்டான கையெழுத்து:

'ஜாடி மட்டும் பெரிய கம்பெனியுடையது. உள்ளே, எல்லாருக்கும் போலவே இவளுக்கும், நான் நிரப்பிவைத்த வேறொரு மலிவு க்ரீம்.'