ஓயாமல் எரிந்த விளக்கு

தாத்தா காலத்துக் கார் ஒன்றின் பிரேக் விளக்குக்குத் தலைகால் புரியாத பெருமை. பிரேக் சுவிட்ச் பழுதாகிச் சிக்கிக்கொண்டதால், மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் அது எரிந்துகொண்டே இருந்தது.

"என்னை மாதிரி உழைக்க யாரால முடியும்?" என்று கீழே இருந்த பம்பரிடம் அளக்கும்.

ஒருநாள் கார் சட்டென்று நிற்க, பின்னால் வந்த லாரி பம்பரில் மோதியது.

"எரிஞ்சுக்கிட்டுதானே இருந்தேன்? கண்ணு தெரியலையா?" என்று விளக்கு சீறியது.

"நீ எப்பவும்தான் எரியிற. கார் நிக்கப்போகுதுன்னு நான் எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது?" என்றது லாரி.

மெக்கானிக் நெளிந்த பம்பரைத் தட்டி நிமிர்த்திவிட்டுப் புது சுவிட்ச் மாட்டினார். பிறகு, பிரேக்கை மிதித்தால்தான் விளக்கு எரிந்தது.

"நேத்து வந்த சுவிட்ச், என்னைச் சும்மா உக்கார வச்சிடுச்சே!" என்று அது புலம்பியது.

"புண்ணியமாப் போகும் சாமி, அப்படியே உக்காந்திரு," என்றது பம்பர்.