இரு பெண்கள், ஒரு சிலிண்டர்

மூன்றாவது கேள்வியும் கேஸ் அடுப்பைப் பற்றியே வந்தது.

அவள் சளைக்காமல் பதில் சொன்னாள். சின்ன பர்னரில் பருப்பு வேகவைத்தால் எத்தனை நாள் கேஸ் மிச்சமாகும் என்பதைக்கூடச் சொன்னாள்.

ஆய்வு நிதிக் குழுவில் மூன்று பேர். மூவரும் தலையாட்டினார்கள்.

போன வருடம் இதே அறையில் ஒரு தலையும் ஆடவில்லை.

அப்போது தலைப்பில் உள்ளதை உள்ளபடி வைத்திருந்தாள். இணையராக வாழும் பெண்கள். சமூகத்துக்கு இதனால் பயன் விளங்கவில்லை என்ற ஒற்றை வரியோடு விண்ணப்பம் திரும்பி வந்தது.

அதனால் இந்த வருடம் சிலிண்டர்.

'இரு பெண்கள் மட்டும் வாழும் வீடுகளில் எரிபொருள் பயன்பாடு.'

விடுதித் தோழிகள் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். காதலைக் கொண்டுபோய் அடுப்புக்கு அடியில் ஒளித்துவிட்டாயே, இனி ஒருவருக்கும் தெரியாது என்றார்கள்.

ஒருவருக்கும் தெரியவில்லை.

அலுவலகம் அதைச் சமூகவியல் அடுக்கிலிருந்து உருவி மனையியல் அடுக்கில் வைத்துவிட்டது. இப்போது இயற்பியல் பேராசிரியர் பர்னரின் ஓட்டைகளைப் பற்றி ஆசை ஆசையாக விசாரித்துக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கும் பேச ஒரு விஷயம் கிடைத்திருந்தது.

மனையியல் துறையின் ஜெயசீலி மேடம் குக்கருக்கு வந்தார். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிறது. அடுப்பு என்றால் அவருக்குக் குரலே மாறிவிடும்.

"எங்க வீட்ல லீலா மூணு விசில் வரட்டும்னுவா. நான் ரெண்டுலயே போய் அமத்திருவேன். தெனமும் சண்டதான்."

"தங்கச்சி நல்லாருக்காங்களா மேடம்?" குழுவின் தலைவர் நெல்லையப்பன் சார் குறுக்கே வந்தார். "போன வருஷம் கொடுத்துவிட்ட மாங்கா ஊறுகா இன்னும் நாக்குல நிக்கி."

மேடம் சிரித்து வைத்தார். பேனா மூடியைத் திறந்தார். மூடினார்.

தலைவருக்கு அன்று நல்ல மனநிலை.

"நல்ல ஆராய்ச்சிம்மா. நாட்டுக்குத் தேவை. ஒரே ஒரு திருத்தம். இரு பெண்கள்னு மொட்டையா நிக்கி. சகோதரிகள்னு போட்ருவோம். நாளைக்கு ஒருத்தன் ஒரு வார்த்தை கேக்க மாட்டான்."

சொன்னதோடு நிற்கவில்லை. பென்சிலால் எழுதியும்விட்டார்.

கையை நீட்டினால் நிதி. ஊர் ஊராகப் போகலாம். ஒலிப்பதிவுக் கருவி வாங்கலாம். டியூஷன் சென்டரில் தொண்டை வற்றக் கத்த வேண்டாம்.

சரி சார் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

கோவில்பட்டி நினைவுக்கு வந்தது. அங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் இரண்டு பெண்கள். குடிபோன வீட்டிலெல்லாம் அக்கா தங்கச்சி என்று சொல்லியே காலம் தள்ளியவர்கள். பஸ் ஏற்றிவிட வந்தபோது மூத்தவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"என்ன வேணா எழுதிக்கோ பிள்ள. அக்கா தங்கச்சின்னு மட்டும் எழுதிராத. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு."

எழுதமாட்டேன் என்று இவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

"சகோதரிங்க இல்ல சார்."

"பெறவு?"

"ஒருத்தர ஒருத்தர் விரும்பி, குடும்பமா வாழ்றவங்க." குரல் நடுங்கியது. அதற்காக அவளுக்கு அவள் மீதே கோபம் வந்தது. "கேஸ் எல்லாம் சும்மா சார். நான்தான் பயந்துபோய் எழுதுனேன்."

இயற்பியல் பேராசிரியர் செல்பேசியை எடுத்துப் பார்த்தார். அது அணைந்து கிடந்தது. அப்படியும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தலைவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"சமூகத்துக்கு இதுனால..." என்று ஆரம்பித்தார்.

அதே பழைய வரி. அவள் மடிக்கணினியை மூடினாள். திங்கள்கிழமை டியூஷன் சென்டருக்குப் போய் நிற்க வேண்டியதுதான். போகட்டும். கோவில்பட்டிக்குப் போனால் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசலாம். விசித்திரமாக, மனசு லேசாக இருந்தது.

ஜெயசீலி மேடம் கோப்பைத் தன் பக்கம் இழுத்தார்.

கையெழுத்துப் போட்டார். அவசரமில்லாமல், முழுப் பெயரையும் எழுதினார்.

கோப்பைத் தலைவர் பக்கம் தள்ளினார்.

"சார், லீலா என் தங்கச்சி இல்ல."

மின்விசிறி சுற்றியது. தட்டில் மிக்சர் அப்படியே இருந்தது.

அவள் மேடத்தைப் பார்த்தாள். மேடம் அவளைப் பார்க்கவில்லை. குக்கர் அடங்கட்டும் என்று காத்திருப்பவரைப் போலத் தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

தலைவர் மேடத்தைப் பார்த்தார். தான் எழுதிய சொல்லைப் பார்த்தார். மறுபடியும் மேடத்தைப் பார்த்தார்.

மேசை இழுப்பறையைத் திறந்தார். குண்டூசி டப்பாவை நகர்த்தினார். காய்ந்துபோன கோந்து பாட்டிலை நகர்த்தினார். வெகுநேரம் துழாவி, கடைசியில் ஒரு ரப்பரை எடுத்தார்.

"இந்த வருஷமும் ஊறுகா உண்டுல்லா, மேடம்?"

தலை நிமிராமல், அழித்துக்கொண்டே கேட்டார்.