பக்கத்து நாற்காலி

"கொஞ்சம் எழுந்திரும்மா. இது என் இடம்."

சின்ன டாக்டர் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள். தட்டில் இன்னும் கைகூட வைக்கவில்லை.

கண் டாக்டர்கள் மாநாட்டின் முதல் நாள் மதியச் சாப்பாடு. காலையில் அவள் படித்த கட்டுரையைச் சங்கத் தலைவர் மேடையிலேயே பாராட்டிவிட்டார். அதோடு விடாமல், "வாம்மா, பக்கத்துல உக்காரு. நிறையப் பேசணும்" என்று தன் மேஜைக்கே கூப்பிட்டிருந்தார். அவர் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் வேலை கிடைத்துவிடும்.

"மேடம், சார்தான் என்னைக் கூப்பிட்டார்."

"கூப்பிடுவார். நீ அந்த மேஜைக்குப் போ. உன் வயசுப் பிள்ளைங்க எல்லாம் அங்கதான் இருக்காங்க."

சொன்ன கையோடு மேடம் தன் தட்டை டொக்கென்று வைத்தார். ஐம்பதைத் தாண்டிய வயசு, தடித்த கண்ணாடி, சிரிக்கவே தெரியாத முகம். தலைவருக்கு முகம் சுண்டிப்போனது.

சின்ன டாக்டர் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தன்னையே பார்ப்பதுபோல் காது மடல் எரிந்தது.

"என்ன, கோந்து துரத்திடுச்சா?" என்று சிரித்தார் அந்த மேஜையில் இருந்த அவள் ஆஸ்பத்திரி சீனியர்.

"கோந்தா?"

"அதான் அந்த மேடத்துக்குப் பேரு! எந்த மாநாடா இருந்தாலும் தலைவரை ஒட்டிக்கிட்டே திரியும். சாப்பாட்டு மேஜை, காரு, லிஃப்ட்டு, ஒரு இடம் பாக்கி கிடையாது. மனுஷனைத் தனியா விட்டாத்தானே! இந்த வயசுல என்ன ஆசையோ!"

மேஜையே கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

கை கழுவப் போகும் வழியில் ஒரு அறிவிப்புப் பலகை கண்ணில் பட்டது. 'இது மரியாதையான மாநாடு. யாரையும் அவமதிப்பதும் தொல்லை கொடுப்பதும் கூடாது. புகார்களை ஒழுங்குக் குழுவிடம் தெரிவிக்கலாம்.'

நேராக ஒழுங்குக் குழு அறைக்குப் போனாள்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த குழுச் செயலாளர், புகார் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யார் மேலம்மா?" குரல் லேசாக நடுங்கியது.

சொன்னாள்.

"அட, அந்த மேடம் மேலயா!" அவர் நிம்மதியாக மூச்சு விட்டார். "நான் வேற என்னமோன்னு பயந்துட்டேன். குழுன்னு பேருக்குத்தான் இருக்கு, ஒரு நடவடிக்கையும் இல்லன்னு எல்லாரும் கேலி பண்றாங்க. நீ தைரியமா வந்தே பாரு, அதான் வேணும்!"

அரை மணி நேரத்தில் மேடத்தைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டார்கள்.

"நாலு பேர் முன்னால இந்தப் பொண்ணை எழுப்பி விட்டீங்களா மேடம்?"

"எழுப்பித்தான் விட்டேன்."

"ஏன்?"

மேடம் செயலாளரை உற்றுப் பார்த்தார். "ஏன்னு உங்களுக்குத் தெரியாதாக்கும்!"

செயலாளர் தொண்டையைச் செருமினார். "பழைய கதையெல்லாம் இப்ப எதுக்கு? மாநாடு முடியிற வரைக்கும் நீங்க தலைவர் மேஜைப் பக்கமே போகக் கூடாது. பின்னால உக்காந்து சாப்பிடுங்க. இது குழுவோட முடிவு."

'என்ன திமிர்! தப்புப் பண்ணிட்டு முறைக்கிறதைப் பாரு' என்று நினைத்துக்கொண்டாள் சின்ன டாக்டர்.

வெளியே வந்ததும் மேடம் அவள் கையைப் பிடித்தார். "நாளைக்கு நீயும் என்கூடப் பின்னாடியே வந்து உக்காரும்மா. உனக்குக் கோடிப் புண்ணியம்."

தோற்றதும் கெஞ்சல் வேறா! கையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

அப்பாவுக்குப் போன் போட்டாள். "அப்பா, நாளைக்குத் தலைவர் பக்கத்துல உக்காந்து சாப்பிடப் போறேன்!"

"மறக்காம ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்மா. உங்கம்மா பார்த்தா குளிர்ந்துபோவா."

மறுநாள் மதியம் தலைவரே எழுந்து அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரு. நீ என் பொண்ணு மாதிரி. இனிமே நம்மள யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

அவளுக்குச் சந்தோஷத்தில் சாப்பாடே இறங்கவில்லை. கட்டுரையைப் பற்றி மூச்சு விடாமல் பேசினாள். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

மேஜை விரிப்புக்குக் கீழே அவள் முழங்காலில் ஒரு கை படிந்தது.

தெரியாமல் பட்டிருக்கும் என்று நகர்ந்து உட்கார்ந்தாள். கையும் கூடவே நகர்ந்தது. மேலே ஏறியது.

"ஏன் நிறுத்திட்டே? பேசும்மா. கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

யாராவது காப்பாற்ற மாட்டார்களா என்று மேஜையைச் சுற்றிப் பார்த்தாள். அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டிருந்த பெரிய மனிதர்கள் எல்லாரும் குனிந்து அவரவர் தட்டைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி தடாலென்று சாய்ந்தது. மேடம் எழுந்துவிட்டார். மேஜைகளுக்கு நடுவே, யார் யாரையோ இடித்துத் தள்ளிக்கொண்டு, மூச்சிரைக்க ஓடி வந்தார்.

பாதி வழியில் செயலாளர் குறுக்கே பாய்ந்து இரண்டு கைகளையும் விரித்து மறித்தார்.

"அந்தப் பக்கம் போகாதீங்க மேடம். உங்க மேல புகார் இருக்கு."