மிச்சம் வைத்த பலம்

மூன்று நாள் மலை சைக்கிள் பந்தயம். இருவர் ஓர் அணி. இருவரில் பின்னால் வருபவர் முடிவுக் கோட்டைத் தொடும் நேரம்தான் கணக்கு. அரசு என்ற இளைஞன் தனக்கு ஜோடியாகச் சேர்த்துக்கொண்டது, பள்ளிப்பட்டில் இருபது வருடமாகத் தபால் சைக்கிள் மிதிக்கும் அக்கா கணவர் பரசுராமனை.

வழியெல்லாம், "மெதுவா, பாவா! கடைசி மலைக்குப் பலத்த மிச்சம் வெச்சிக்குங்க" என்றான்.

"ஆங்" என்றார் அவர்.

இரண்டு நாளும் கடைசியாக வந்தும் அரசு கவலைப்படவில்லை. எல்லாம் திட்டப்படிதான்.

மூன்றாம் நாள், திருத்தணி மலைப்பாதை தொடங்கியது.

"இப்ப காட்டுங்க பாவா, மிச்சம் வெச்சத!"

பரசுராமனுக்கு மூச்சு வாங்கியது. "ஏது மிச்சம்? மொத நாள்லேர்ந்தே உயிரக் குடுத்துதான் மிதிச்சிகினு வரேன்."

"அப்புறம் ஏன் ஆங் ஆங்னீங்க?"

"'அவன் எது சொன்னாலும் ஆங்னு சொல்லிடுங்க, இல்லேன்னா கோவிச்சிப்பான்'னு உங்க அக்காதான் சொல்லி அனுப்பிச்சா."