காரணம் என்ன வே?

"ஐயர் பையன் ஞானஸ்நானம் கேட்டு வந்திருக்கான்" என்றார் சபைச் செயலாளர் பாக்கியசீலன்.

மரக்கடை கிருபைராஜ் பதறிப்போனார். "அவனுக்குக் கைப்பிள்ளையிலேயே கொடுத்தாச்சே! நான்தானவே ஞானத்தகப்பன்!"

"நம்ம ஐயர் இல்ல வே. அந்த ஐயர். ஆத்தங்கரைத் தெருப் பிராமணப் பையன்."

பாளையங்கோட்டைப் பக்கம் போதகரையும் ஐயர் என்றுதான் சொல்வார்கள். அதனால் வந்த குழப்பம். போதகர் மட்டும் சிரித்தார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து கமிட்டி கூடியிருந்தது. அன்றைக்கு இரண்டு மனுக்கள். முதல் மனுக்காரன் உள்ளே வந்தான்.

"பேரு?"

"பிச்சைக்கண்ணு. இனிமே ஷிபின். ஸ்வீட்லினே பாத்து வச்சிட்டா."

"ஸ்வீட்லின் எங்க அண்ணன் மவ. அடுத்த மாசம் கல்யாணம்" என்றார் கிருபைராஜ்.

"விசுவாசப் பிரமாணம் சொல்லத் தெரியுமா, தம்பி?" என்று போதகர் கேட்டார்.

"கல்யாணத்துக்குள்ள மனப்பாடம் பண்ணிருதேன், ஐயா."

"அது போதும். பத்திரிகையே அடிச்சாச்சு" என்று கிருபைராஜ் முடித்துவைத்தார்.

பதிவேட்டில் 'காரணம்' என்ற இடத்தில் 'திருமணம்' என்று எழுதினார் பாக்கியசீலன். இருபத்தேழு வருஷமாக அவர்தான் எழுதுகிறார். அந்த இடத்தை ஒருநாளும் காலியாக விட்டதில்லை.

ஆக மொத்தம் இரண்டு நிமிஷம்.

அடுத்து வெங்கட்ரமணன் வந்தான். முப்பது வயதிருக்கும். செருப்பை வெளியிலேயே கழற்றியிருந்தான். பாக்கியசீலன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். இவன் சும்மா வருவானா? உள்ளே என்னமோ இருக்கிறது. அதைப் பிடுங்காமல் விடக்கூடாது.

"பொண்ணு யாரு?"

"எந்தப் பொண்ணு சார்?"

"அதத்தான நாங்க கேக்கோம்!"

"அப்படி யாரும் இல்லை சார்."

"வாத்தியார் வேலைன்னா இப்பவே சொல்லிருதேன்" என்று முந்திக்கொண்டார் இன்பமணி டீச்சர். "எங்க பள்ளிக்கூடத்துல இந்த வருஷம் எடமே இல்ல."

"எனக்கு மின்சார வாரியத்துல வேலை இருக்கு, மேடம்."

"வெளிநாடு?"

"பாஸ்போர்ட்டே கிடையாது."

"தீராத வியாதி ஏதும் சொகமாச்சா?"

"ஆஸ்பத்திரிக்கே போனதில்லை."

"வீட்டுல சண்டையோ?"

வெங்கட்ரமணன் சற்றுத் தயங்கினான். "முன்னாலே இல்லை. இதைச் சொன்னப்புறம், ஆத்துக்குள்ளே வராதேன்னுட்டார் அப்பா. மூணு மாசமா ஜங்ஷன்ல ஒரு லாட்ஜ்ல இருக்கேன். அம்மா ஒருதரம் வந்து பாத்தா. ஒண்ணும் பேசாம அழுதுட்டுப் போயிட்டா."

"இவ்வளவும் பட்டுக்கிட்டு எதுக்குவே? காரணத்தைச் சொல்லும்!"

"இயேசு வாழ்ந்ததை முழுசாப் படிச்சேன் சார். தன்னைச் சிலுவையில ஆணி அடிக்கிறவாளுக்காகவே ஒருத்தர் பரிஞ்சு பேசியிருக்கார். அதைப் படிச்சப்புறம், படிக்காத மாதிரி நடமாட முடியலை."



"நானும் அம்பது வருஷமா இதைக் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். என்னைய ஒண்ணும் செய்யலையே வே!" என்றார் கிருபைராஜ்.

அவனை வெளியே நிற்கச் சொன்னார்கள்.

"வேவு பாக்க வந்தவனா இருப்பான்" என்றார் டீச்சர். "எல்லாத்துக்கும் சுத்தமாப் பதில் சொல்லுதான், கவனிச்சீங்களா? அங்கனதான் இடிக்கி."

"பொண்ணுக்கு வந்தவன்னா பொண்ணு வீட்டுல விசாரிக்கலாம். வேலைக்கு வந்தவன்னா ஆபீஸ்ல விசாரிக்கலாம். இவனை எங்கன போய் விசாரிக்க?" என்றார் பாக்கியசீலன்.

"வீட்டையே விட்டுட்டு வந்திருக்கான் பாவம்" என்று போதகர் பைய இழுத்தார்.

"அதத்தான் ஐயா நானும் சொல்லுதேன்!" என்று மேஜையைத் தட்டினார் கிருபைராஜ். "பெத்தவங்களையே விட்டவன், நாளைக்கு நம்மள விடமாட்டானா?"

போதகர் கிருபைராஜைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "கமிட்டி என்ன சொல்லுதோ, அப்படியே செய்யுங்க" என்றார்.

பாக்கியசீலன் எழுந்து வெளியே போனார். வேப்பமரத்தடியில் வெங்கட்ரமணன் வெறுங்காலோடு நின்றிருந்தான்.

"தம்பி, இப்போதைக்கு முடியாதுன்னு கமிட்டி சொல்லிட்டு. ஒரு நல்ல காரணமாக் கொண்டாரும். பெறகு பாப்போம்."

"இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியலையே சார்."

பாக்கியசீலன் உள்ளே போகத் திரும்பினார்.

"அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லைன்னா, இனிமே நான் எங்கே சார் போறது?"

"ஜங்ஷனுக்கா? இங்கனயே டவுண் பஸ் நிக்கும்" என்று கை காட்டிவிட்டு உள்ளே வந்தார் பாக்கியசீலன்.

பேனாவை உதறி, கோணல் இல்லாத தன் கையெழுத்தில் பதிவேட்டை முடித்தார்:

'12.6.1994. மனு ஒன்று: பிச்சைக்கண்ணு. காரணம், திருமணம். ஏற்கப்பட்டது.

மனு இரண்டு: வெங்கட்ரமணன். விசுவாசத்தைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. நிராகரிக்கப்பட்டது.'