சிறந்த மதிப்பீட்டாளர்

“சார், ஒரு விஷயம்... என் பேரை...”

“உன் பேரு இப்ப எதுக்கும்மா? முதல்ல வேலைய கத்துக்கோ. இன்னொரு கட்டுரை அனுப்புறேன், மதிப்பீட்ட வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதி முடிச்சிடு.”

ஆறு வருடங்களுக்கு முன்பு பேராசிரியர் குகனேஸ்வரன் இப்படித்தான் தொலைபேசியில் அவள் பேச்சை வெட்டினார். அதற்குப் பிறகு விக்னேஸ்வரி கேட்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் கேட்டுவிட நினைப்பாள். அவர் குரல் காதில் விழுந்ததும் பழைய மாணவியாகி, “சரி சார்” என்று விடுவாள்.

இப்போது அவள் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவள், கைபேசியைக் கணவன் தர்மாவிடம் நீட்டினாள். அவள் முகம் சிவந்திருந்தது.

“அந்த நகரவியல் இதழ் இருக்குல்ல? கட்டுரைகள வெளியிடுறதுக்கு முன்னால படிச்சுக் குறை நிறை சொல்றவங்கள்ல சிறந்தவருக்கு விருது குடுக்குறாங்களாம். யாருக்குன்னு பாருங்க.”

திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றும் லோரியின் டிரைவர் தர்மா. பெயரைப் பார்த்ததும் பூட்ஸைக் கழற்றாமலே அவள் பின்னால் அடுப்படிக்குள் வந்துவிட்டான்.

“அவருக்கா! எழுதினது பூரா நீ. அவரு பேர மட்டும் போட்டு அனுப்பினவரு!”

“இன்னும் கேளுங்க. ‘மலையூர்களின் வெள்ளப் பிரச்சினையை நேரில் கண்டு உணர்ந்த அறிஞர்’னு பாராட்டியிருக்காங்க.”

“யாரு, அவரா? நம்ம கல்யாணத்துக்கு வந்தப்ப தாப்பா ரோட்டுல ரெண்டாவது வளைவுலயே கார நிறுத்தி வாந்தி எடுத்த மனுஷன்! லெம்பா பெர்த்தாம் ஊருக்குள்ள வெள்ளச் சேறு வந்தப்ப முழங்கால் மட்டும் இறங்கி நின்னவ நீ. மொத்தம் எத்தன எழுதின?”

“நாப்பத்தி மூணு.”

“நாப்பத்தி மூணு! தீபாவளிக்குக்கூட கம்ப்யூட்டர் முன்னாலதான் உக்காந்திருந்த. முறுக்கு நான் சுட்டேன்.”

“பாதி கருகிப் போச்சு.”

“பேச்ச மாத்தாத லா! இன்னிக்கு நீ அவர கேக்குற. ‘என் பேரப் போடு’ன்னு ஒரே ஒரு வார்த்த. கேக்கலன்னா நான் கேப்பேன்.”

கைபேசி அடித்தது. அவரேதான். தர்மா ஸ்பீக்கரைத் தட்டிவிட்டான்.

“விக்னேஸ்வரி, விஷயம் கேள்விப்பட்டியா?”

“இப்பதான் பார்த்தேன் சார்.”

“அஞ்சு மணிக்கு இணையத்துல விழா. ரெண்டு நிமிஷம் ஏற்புரை சொல்லணுமாம். இங்க டீன் வர்றாரு, பத்திரிகைக்காரங்க வர்றாங்க, எனக்கு மூச்சு விட நேரமில்ல. நீ எழுதி நாலரைக்குள்ள அனுப்பிடு. அப்படியே திரையில போட்டு வாசிச்சிடுறேன். பணிவா எழுது, என்ன?”

‘கேளு, கேளு’ என்று தர்மா இரண்டு கையாலும் சைகை காட்டினான்.

“சரி சார்” என்றாள்.

அழைப்பு துண்டிக்கப்பட்டதும் தர்மா கத்தினான். “உனக்கு ரோஷமே கிடையாதா? உன் உழைப்ப எடுத்துக்கிட்டாரு, விருத எடுத்துக்கிட்டாரு. இப்ப அதுக்கு நன்றி சொல்ற பேச்சையும் நீயே எழுதிக் குடுக்கணுமா? அதுவும் பணிவா!”

“பணிவா எழுத எனக்குத் தெரியாதா? ஆறு வருஷமா அத மட்டும்தானே செய்யுறேன்” என்று அவளும் கத்திவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள்.

தர்மா கெட்டிலை அடுப்பில் ‘டங்’கென்று வைத்தான். அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தபோதும் கோப்பையைச் சத்தமாகத்தான் வைத்தான். நாலேகாலுக்கு அவள் அனுப்பி முடித்தாள்.

“லோரிய எடுங்க. மேட்டுலதான் லைன் நல்லா கிடைக்கும்.”

“அந்தக் கண்றாவிய வேற நான் பாக்கணுமா?”

ஆனாலும் சாவியை எடுத்தான். தேயிலைச் சரிவுக்கு மேலே லோரியை நிறுத்தி, கைபேசியை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்தார்கள். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக ஐம்பது அறுபது முகங்கள். ஏதோ ஒரு நாட்டிலிருந்து இதழின் ஆசிரியர் எல்லோரையும் வரவேற்றார். குகனேஸ்வரன் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டீன்.

“கோட்டப் பாரு, மாப்பிள்ள மாதிரி” என்று பல்லைக் கடித்தான் தர்மா.

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, திரையிலிருந்து கண்ணெடுக்காமல், கணீரென்ற ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்கினார்.

“ஆசிரியர் குழுவுக்கு என் பணிவான நன்றி. இந்த விருதுக்கு நான் தகுதியானவன் அல்ல என்பதை மனப்பூர்வமாகச் சொல்லிக்கொள்கிறேன்.”

எல்லாக் கட்டங்களிலும் கைதட்டினார்கள். “என்ன ஒரு அடக்கம்!” என்று ஆசிரியர் உருகினார். குகனேஸ்வரன் தலை தாழ்த்திப் புன்னகைத்தார்.

“தகுதி இல்லியாம்! நடிப்பப் பாரு, அதையும் நீதான் எழுதிக் குடுத்திருக்க!” தர்மா கைபேசியை நோக்கிக் கையை நீட்டினான். “மூடு புள்ள, என்னால பாக்க முடியல.”

“இருங்க” என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள் விக்னேஸ்வரி. “இன்னும் ஒரு வரிதான் பாக்கி.”

கைதட்டல் தந்த உற்சாகத்தில் பேராசிரியர் குரலை இன்னும் உயர்த்தி, ஒரு சொல் விடாமல் வாசித்தார்:

“ஆகவே, ஆறு ஆண்டுகளாக உங்களுக்கு வந்த நாற்பத்து மூன்று மதிப்பீடுகளையும் எனக்குப் பதிலாக எழுதிய, கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக் கிராணி விக்னேஸ்வரியின் பெயரையே இந்த விருதில் போடும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.”